தற்குறிகளின் தடம்: மூட்டை சுமந்த பாட்டனாரை ஆவணங்களில் தேடுதல்

வலியசாலை என்றதும் நம்மில் கொஞ்சம் படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ராஜராஜ சோழன்தான். அவனுடைய மெய்க்கீர்த்தி, காந்தளூர்ச் சாலையில் கலமறுத்த செய்தியைப் பெருமையோடு சொல்கிறது. அந்தக் காந்தளூர், இன்று மகாதேவர் கோயில் இருக்கும் நம் வலியசாலைதானா, கலமறுத்தல் என்றால் கப்பலை உடைத்ததா அல்லது சோறு போடும் கலத்தை நிறுத்தியதா என்று அறிஞர்கள் நூறு வருஷமாக வாதாடி வந்திருக்கிறார்கள். கோபிநாத ராவ் எழுதினார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எழுதினார். கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் வெளியிட்ட பார்த்திவசேகரபுரச் செப்பேடு, 95 மாணவர்களுக்காகத் தான் வைத்த சாலை காந்தளூர் முறையைப் பின்பற்றியது என்று சொல்வதும் இந்த வாதத்தில் தவறாமல் வரும்.

ராஜா வீட்டுச் செய்தி இவ்வளவு துல்லியமாக ஆயிரத்து நூறு வருஷம் தாண்டி நிற்கிறது. சரி, இதே சாலைக் கம்போளத்தில் அறுபது வருஷத்துக்கு முன்னால் அரிசி மூட்டை சுமந்த நம்ம தாத்தாவுக்கு அப்பா பெயர் என்ன? அவர் எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம் ஆரல்வாய்மொழியைத் தாண்டி வந்தார்? கேட்டால், "திருநெல்வேலிப் பக்கம்னு சொல்லுவாங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அக்கிரகாரத்து வீடுகளில் கோத்திரம், சூத்திரம் சொல்லி ஏழு தலைமுறை எண்ணுவார்கள். வெள்ளாளர் வீடுகளிலும் செட்டியார் வீடுகளிலும் பாகப் பத்திரம் இருக்கும். இரணியல் செட்டிமார் வாழ்வை வைத்து நீல. பத்மநாபன் எழுதிய நாவலுக்கே ‘தலைமுறைகள்’ என்றுதானே பெயர்! சொத்து இருந்த இடத்தில் தலைமுறைக் கணக்கு இருந்தது. சொத்தில்லாத தொழிலாளி வீட்டில் அந்தக் கணக்கை யார் எழுதி வைப்பார்கள்?

இந்தக் கேள்வியை இங்கிலாந்துக்காரர்கள் நமக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்கள். ஈ.பி. தாம்சன் 1963-இல் ஆங்கிலேயத் தொழிலாளி வர்க்கத்தின் வரலாற்றை எழுதிய பிறகு, சாதாரண ஜனங்களும் தங்கள் சுரங்கத் தொழிலாளித் தாத்தாவையும் நெசவாலைப் பாட்டியையும் தேடுவதைக் கௌரவமான வேலையாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வசதிகள் அதிகம். 1538 முதல் ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுத வேண்டும் என்பது அரச கட்டளை. 1837 ஜூலை முதல் தேதியிலிருந்து அரசே பிறப்பு இறப்பைப் பதிந்தது. 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கில் வீட்டிலிருந்த ஒவ்வொருவர் பெயரும் வயதும் தொழிலும் எழுதப்பட்டு, அந்தத் தாள்கள் நூறு வருஷம் பூட்டி வைக்கப்பட்டுப் பிறகு பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1921-ஆம் வருஷக் கணக்கு 2022 ஜனவரியில் திறந்தது. 1931-ஆம் வருஷத் தாள்கள் 1942-இல் தீயில் எரிந்துபோனதால் அங்கே ஒரு தலைமுறைக்குப் பெரிய ஓட்டை. பிச்சைக்காரர் விடுதிப் பதிவேட்டில்கூட உள்ளே வந்தவரின் பெயரும் தொழிலும் உண்டு. ஏழையைக் கண்காணிக்க எழுதிய கணக்கு, அவனுடைய பேரப்பிள்ளைக்கு உறவுமுறைக் கணக்காகப் பயன்படுகிறது.

நம்மிடம் அந்தப் பழக்கமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரைப் பெயரோடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதோடு வெட்டி வைத்தான். தச்சன், வண்ணான், நாவிதன், தையற்காரன் எல்லோருக்கும் எத்தனை பங்கு நெல் என்ற கணக்கும் அங்கே இருக்கிறது. அது 1014-க்கு முன்னால். பிற்காலத்தில் சாமானியர் பெயரைக் கல்லில் வெட்டும் அளவுக்கு யாருக்கும் மனசு வரவில்லை.

இன்னொன்று. எழுத்தறியாதவனை நாம் ‘தற்குறி’ என்று ஏசுகிறோம். கல்வெட்டில் அது வசைச்சொல் இல்லை. கையெழுத்திடத் தெரியாத சாட்சி, தன் குறி ஒன்றைக் கீறி வைப்பான். அந்தக் குறி இன்னாருடையது என்று எழுதத் தெரிந்த ஒருவர் சான்று சொல்வார். தன் குறி, தற்குறி. ஆங்கிலத் தொழிலாளி திருமணப் பதிவேட்டில் இட்ட பெருக்கல் குறிக்கும், நம்மவர் பிற்காலத்தில் வைத்த கைநாட்டுக்கும் இதுதான் மூத்த வடிவம். தற்குறியாய் இருந்தவரும் ஆவணத்தில் இருந்திருக்கிறார் என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி.

இனி நம் ஊருக்கு வருவோம். திருவிதாங்கூரில் ஒழுங்கான முதல் குடிக்கணக்கு 1875-இல் நடந்தது. நாகம் அய்யா பொறுப்பில் எடுத்த அந்தக் கணக்கில் தொகை 23,11,379. ஆனால் இந்தியக் கணக்குகளில் வீடு வீடாகப் பெயர் எழுதிய தாள்களை, தொகை கூட்டி முடித்ததும் பாதுகாத்து வைக்கவில்லை. 1948-ஆம் வருஷச் சட்டப்படி அவை யாரும் பார்க்கக்கூடிய ஆவணமும் அல்ல. ஆகவே இங்கிலாந்தில் உள்ளவனுக்கு முதல் கதவாக இருப்பது நமக்கு மூடிய சுவர். அச்சிட்ட அறிக்கையில் தமிழ் பேசுவோர் எத்தனை பேர், இன்ன சாதியார் எத்தனை பேர் என்று கிடைக்கும். தாத்தா அந்த எண்ணிக்கையில் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

அடுத்தது கேரள அரசு ஆவணக் காப்பகம். கோட்டைக்குள் இருக்கும் மத்திய காப்பகத்தில் சுருணை சுருணையாக ஓலைகள். ஒரு கோடிக்கு மேல் ஓலை என்பார்கள். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் எல்லாம் கலந்து கிடக்கும். 2022 டிசம்பரில் அங்கே ஓலை அருங்காட்சியகமும் திறந்தார்கள். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம். பத்மநாபசுவாமி கோயில் மதிலகம் ஓலைகளைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். ஆனால் அங்கே போய் "எங்க தாத்தா பேர் இருக்கா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஓலை நிலத்தையும் வரியையும் கோயில் செலவையும் பேசும். தொழிலாளி அதில் வருவது ஊழியம் செய்தவனாகவோ, கூலி வாங்கியவனாகவோ, சில சமயம் விற்கப்பட்டவனாகவோதான்.

விற்கப்பட்டவன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் மறைத்து என்ன பயன்? நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகளைக் கவிமணி கண்டெடுத்தார், பின்னாளில் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். அவற்றில் ஆளை விற்ற ஓலைகள் உண்டு. விற்பவருக்கு ஊரும் குலமும் வீடும் சேர்ந்த நீளமான விலாசம். விற்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயர். திருவிதாங்கூரில் அடிமை முறை அடியோடு ஒழிந்ததாக விளம்பரம் வந்தது 1855-இல். அதாவது நம்மில் சிலருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் காலம். ஒற்றைப் பெயர்தான் என்றாலும் அதுவும் ஒரு பெயர்.

தமிழ்த் தொழிலாளர் இங்கே ஒரே நாளில் வந்து இறங்கியவர்கள் அல்ல. பாலராமவர்மா காலத்தில் (1798-1810) வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து சாலியர் குடும்பங்களை வரவழைத்துப் பாலராமபுரத்தில் குடியேற்றியதாக மரபு. ஏழு குடும்பம் என்று சொல்வார்கள். அந்தத் தெருக்கள் இன்றும் இருக்கின்றன. நெசவுக்காரருக்கு ஒரு அதிர்ஷ்டம், தெருவும் கோயிலும் தறியும் ஒரே இடத்தில் நின்றதால் ஞாபகமும் சிதறாமல் நின்றது. சாலைக் கம்போளமோ வேறு மாதிரி. திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கம்போளத்தை ஏற்படுத்தியது முதல், நாஞ்சில் நாட்டு நெல்லும் தென்பாண்டிச் சரக்கும் மாட்டு வண்டியில் இங்கே வந்து இறங்கின. வண்டிக்காரன் வந்தான், இறக்கச் சுமட்டுக்காரன் வந்தான், அவனுக்குச் சோறு போட ஒரு பாட்டி கடை வைத்தாள். வந்து போனவன் எந்த நாளில் வந்து தங்கியவன் ஆனான் என்பது அவனுக்கே தெரிந்திருக்காது. கடைத்தெருவின் அந்த மனிதர்களை ஆ. மாதவன் கதையாக எழுதி வைத்தது நம் பாக்கியம். கதையில் அவர்களுடைய பேச்சும் பசியும் வேர்வையும் இருக்கும்; தகப்பனார் பெயரும் ஊரும் தேடினால் இருக்காது.

செங்கல்சூளை என்ற பெயரே அங்கே நடந்த வேலையைச் சொல்கிறது. தலைமைச் செயலகக் கட்டடத்துக்கு 1865-இல் கல்லிட்டு, பார்ட்டன் என்ற பொறியாளர் 1869-இல் முடித்தார். கட்டடத்தைப் பற்றிய எல்லாப் புத்தகத்திலும் பார்ட்டன் பெயர் உண்டு, ஆயில்யம் திருநாள் பெயர் உண்டு. மண் குழைத்தவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தினக்கூலி வருகைப் பட்டியல் கணக்கு முடிந்ததும் கழித்துவிடும் காகிதம். நகரத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்யத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களும் இப்படித்தான். அந்தக் காலத்தில் எடுப்புக் கக்கூஸ் வாளியைத் தலையில் சுமந்தவர்களைக் கணக்குப் புத்தகம் ‘இத்தனை ஆள்’ என்று எழுதியது.

இதெல்லாம் வெறும் பழம்பெருமை விசாரணை என்று நினைக்க வேண்டாம். இதில் பிள்ளைகளின் படிப்பும் வேலையும் இருக்கிறது. பட்டியல் சாதியார் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை வெளிவந்த நாள் 10.8.1950. அந்த நாளுக்குப் பிறகு ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்த குடும்பம், வந்த மாநிலத்தில் பட்டியல் சாதிச் சலுகையைக் கோர முடியாது. இதை உச்ச நீதிமன்றம் 1990-இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உறுதிசெய்தது. ஆகவே கேரளத்தில் பிறந்து, இங்கேயே படித்து, தமிழ்நாட்டில் ஒரு சென்ட் நிலமும் இல்லாத பிள்ளை, தன் பாட்டனார் 1950-க்கு முன்பே இங்கே குடியிருந்தார் என்று காகிதத்தால் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் இங்கேயும் சான்றிதழ் இல்லை, அங்கே போய்க் கேட்டால், "நீங்க யாரு?" என்பார்கள். மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இதே சங்கடம். தேவிகுளம் தனித்தொகுதியில் 2021-இல் நடந்த தேர்தல் பற்றிய வழக்கில், பாட்டனார் எந்த வருஷம் மலையேறினார், திருச்சபைப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் நீதிமன்றத்தில் அலசப்பட்டன. 2023 மார்ச்சில் உயர்நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஒரு தோட்டத் தொழிலாளிக் கிழவர் வந்த வருஷம் டெல்லி வரை போய் விவாதமாயிற்று.

கடலுக்கு அப்பால் இதைவிடக் கொடுமை நடந்திருக்கிறது. 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தகப்பனாரோ, பாட்டனாரும் பூட்டனாருமோ அந்த மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தேயிலைத் தோட்டத்துத் தமிழரிடம் ஏது பூட்டனார் பிறப்புச் சீட்டு? கங்காணி கூட்டிப்போன கணக்கில் கடன்தான் எழுதியிருக்கும். சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தார்கள்.

அப்படியானால் நாம் எங்கே தேடுவது? ஒரு சுமட்டுக்காரர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். என் அனுபவத்தில் முதல் புதையல் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு. சாலை அரசுத் தமிழ்ப் பள்ளியாகட்டும், பக்கத்துத் திருச்சபைப் பள்ளியாகட்டும், பிள்ளையைச் சேர்த்த தேதி, தகப்பனார் பெயர், சாதி, வீட்டு விலாசம் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். தாத்தா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவராக இருந்தாலும் அவருடைய மூத்த பிள்ளையையோ, அவர் தம்பி பிள்ளையையோ சேர்த்திருப்பார். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளின் வரிகளையும் பார்க்க வேண்டும். பலர் தன் நேர்வழியை மட்டும் தேடிவிட்டு ‘இல்லை’ என்று திரும்பிவிடுகிறார்கள். பிறகு 1951-52 பொதுத்தேர்தலை ஒட்டிய வாக்காளர் பட்டியல். வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்று வந்தபிறகுதான் கூலிக்காரரும் அவர் சம்சாரமும் பெயரோடு அரசுத் தாளில் ஏறினார்கள். 2025 கடைசியில் கேரளத்தில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தபோது, 2002 பட்டியலில் அப்பா அம்மா பெயரைத் தேடி நம்மவர் எத்தனை பேர் அலைந்தார்கள்! இருபத்து மூன்று வருஷத்துப் பட்டியலுக்கே அந்தப் பாடு என்றால், எழுபது வருஷத்துக்கு முந்தியதை எண்ணிப் பாருங்கள்.

நிலமில்லாதவர் பெயர் நில ஆவணத்தில் வராது என்பதும் முழு உண்மையில்லை. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி முதல் தேதி முதல் முழுவீச்சில் நடைமுறைக்கு வந்தபோது, குடிகிடப்புக்காரர் தாம் குடிசை போட்டிருந்த இடத்தை விலைக்கு வாங்கும் உரிமை பெற்றார்: நகரத்தில் மூன்று சென்ட், நகராட்சியில் ஐந்து, பஞ்சாயத்தில் பத்து. அதற்காக நில தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தவர்கள், எத்தனை காலமாகக் குடியிருக்கிறோம், தகப்பனார் யார் என்று சொல்லியாக வேண்டும். அந்தக் கோப்பு கிடைத்தால் ஒரு தலைமுறை பின்னால் போய்விடலாம். 1978-ஆம் வருஷச் சுமட்டுத் தொழிலாளர் சட்டத்துக்குப் பிறகு பதிவும் நல நிதியும் வந்ததால் அந்தக் கணக்கும் உதவும். கிறிஸ்தவக் குடும்பமானால் வேலை இன்னும் எளிது. லண்டன் மிஷன் நாகர்கோவிலில் 1818 முதல் நிலைகொண்டது. சபைப் பதிவேடுகள் உள்ளூரில் இருக்கும், மிஷனரிமார் அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசைக் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. ஊர் கன்னியாகுமரி மாவட்டமாக இருந்தால் 1956 நவம்பர் முதல் தேதியை மறக்கக் கூடாது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் அன்று சென்னை மாநிலத்துக்குப் போயின. பழைய தலைமைக் கச்சேரிக் காகிதம் திருவனந்தபுரத்தில், தாலுகா நிலக் கணக்கு அந்தப் பக்கத்தில். இரண்டு இடமும் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும்.

தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய காகிதத்தில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். சிங்கம் (நம் ஆவணி) முதல் தனு பாதி வரை 824 கூட்டவும். அதன் பிறகு கர்க்கடகம் முடிய 825. வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் காலத்தையும் இப்படியே கணக்காக்கலாம். "தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல குடிசை போச்சு" என்று பாட்டி சொன்னால் அது கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலை. "ரயிலு தம்பானூருக்கு வந்தப்போ" என்றால் 1931; அதற்கு முன் 1918 முதல் சாக்கை வரைதான் வண்டி. நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததோ 1979-இல். எனவே தாத்தா நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி வந்தார் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். "கோயில்ல எல்லாரும் போகலாம்னு உத்தரவு வந்த வருஷம்" என்றால் 1112 துலாம் 27, அதாவது 12.11.1936. "தாது வருஷப் பஞ்சத்துல வந்தோம்" என்பது 1876-78. தேதி தெரியாத பாட்டியிடம் தேதி கேட்காமல், எது முந்தி எது பிந்தி என்று கேட்டால் சரியாகச் சொல்வாள்.

விந்தை என்னவென்றால், கடல் தாண்டிக் கூலியாகப் போனவரைப் பற்றி ஊரிலேயே இருந்தவரைவிட அதிகம் எழுதி வைத்திருக்கிறார்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறையில் நின்றது. 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு வரை உண்டு. ஃபிஜிக்கு 1916 வரை போன அறுபதாயிரம் பேரின் குடியேற்றச் சீட்டுகளும் அப்படியே. மொரீஷியசில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் கூலிகளின் புகைப்படமும் இருக்கிறது. ஆளைத் தப்பவிடாமல் பிடிக்க எழுதிய அங்க அடையாளம் அது. ஆனால் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதினான் குமாஸ்தா. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார், முதலி ‘மூட்லி’ ஆனார். அங்கிருந்து ஊர் தேடி வருகிறவர்கள் பெயரை எழுத்தாகப் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் பல சமயம் முடிச்சு அவிழும்.

நம் வீட்டிலும் பெயர்தான் பெரிய சிக்கல். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரே மாடசாமி நான்கு தலைமுறையில் மூன்று முறை வருவார்; எந்த மாடசாமி என்று பிரிக்க வருஷமும் மனைவி பெயரும் வேண்டும். பாட்டிமார் பெயரோ இன்னும் சீக்கிரம் மறைந்துவிடும். மரணப் பதிவிலும் வாக்காளர் பட்டியலிலும்தான் அவர்களைப் பிடிக்க முடிகிறது.

காகிதம் எல்லாம் கைவிட்ட இடத்தில் திருநெல்வேலிக்காரருக்கு ஒரு வழி பாக்கி இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறோம்? ஊர் மறந்தவர்களும் சாஸ்தாவை மறப்பதில்லை. மறந்தவர்கள் யாரிடமாவது கேட்டுக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். அதே சாஸ்தாவுக்கு அன்று பொங்கல் வைக்க வருகிற மற்றக் குடும்பங்களில் நம் தாத்தாவின் தம்பி வழி இருக்கக்கூடும். வரிக் கணக்கு எழுதும் நோட்டு ஒன்று கோயில் பூசாரியிடமோ வரி பிரிக்கும் பெரியவரிடமோ இருக்கும். அதைக் கேட்டுப் பாருங்கள். ‘திருவனந்தபுரத்தார்’ என்று ஒரு தலைப்புப் போட்டு, வருஷா வருஷம் வரி கொடுத்தவர் பெயரை எழுதி வைத்திருக்கிற நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.